நெய்ம்மிதியும் உழுந்துச் சக்கையும்



நமது வரலாற்று நூல்களில் குதிரைகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. சோழன் படையில் ஓடுகின்றன. பாண்டியன் படையில் ஓடுகின்றன. ஐதர் அலியின் படையிலும் ஓடுகின்றன. அவை என்ன தின்று ஓடின என்று கேட்பவர் மிகச் சிலரே. நானும் அதனைக் கேட்டிருக்க மாட்டேன். உத்திரமேரூர் வட்டத்துச் சாலவாக்கத்தில், நான் சிறுவனாயிருந்தபோது, ஒரு ஜட்காக் குதிரை இறந்ததைக் கண்ணாரக் கண்டேன். அதன் பின்னரே அந்தக் கேள்வி என்னைப் பற்றிக்கொண்டது.

1950-களின் இறுதி அது. ஊரில் ஒரு திருமணம். செங்கற்பட்டு ரயிலடியிலிருந்து மணமகன் வீட்டாரை ஏற்றிக்கொண்டு ஒரு ஜட்கா வந்திருந்தது. வண்டிக்காரப் பெரியவர் களைப்பு மிகுதியால் ஏரிக்கரைப் புளியமரத்தடியில் உறங்கிவிட்டார். குதிரை பசியோடிருப்பதாக எண்ணிய நாங்கள் நான்கைந்து சிறுவர்கள், பந்தியில் மிஞ்சிய சோற்றையும் சர்க்கரைப் பொங்கலையும் வாளி வாளியாகக் கொண்டுபோய்க் கொட்டினோம். அதுவும் ஆவலோடு தின்றது. மாலையில் அது தன் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. காலால் தரையைப் பறித்தது. படுத்தது, புரண்டது, எழுந்தது. உடல் முழுவதும் வேர்வை வழிந்தது. விடியுமுன் அதன் மூச்சு நின்றது.

நாங்கள் செய்ததை நானே அழுதுகொண்டு சொன்னேன். பெரியவர் என்னை ஏசவில்லை. "யார் மேலயும் குத்தம் இல்ல தம்பி. மாடா இருந்தா அச போட்டுத் தீத்திருக்கும். மனுசனா இருந்தா கக்கிட்டிருப்பான். இதுக்கு ரெண்டும் இல்லியே" என்றார். அச்சொற்களின் முழுப் பொருளும் பல ஆண்டுகள் கழித்தே எனக்கு விளங்கிற்று.

இனி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு குதிரைக்குச் செல்வோம். மகனைப் பெற்று வளர்ப்பது தாயின் கடமை என்று தொடங்கும் புறநானூற்றுப் பாட்டை நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். அதனைப் பாடிய பொன்முடியாரே புறநானூற்றின் 299-ஆம் பாட்டையும் பாடியவர். துறை, குதிரை மறம். அதில் இரண்டு வகைக் குதிரைகள் வருகின்றன. ஒன்று, பருத்திச் செடியையே வேலியாகக் கொண்ட சிற்றூர்த் தலைவனுடையது. உழுந்தின் சக்கையைத் தின்று தளர்ந்த நடை நடப்பது. மற்றவை, மருதநிலம் ஆளும் பெருவேந்தருடையவை. பிடரி மயிர் கத்தரித்து, மாலை சூட்டி, நெய்ம்மிதி ஊட்டி வளர்க்கப்பட்டவை. நெய் பெய்து மிதித்துத் திரட்டிய கவளத்துக்கு நெய்ம்மிதி என்று பெயர். போர் வந்தது. சக்கை தின்ற குதிரை, கடலைப் பிளந்து செல்லும் தோணிபோலப் பகைப்படையைப் பிளந்து சென்றது. நெய்ம்மிதி உண்டவை ஒதுங்கி நின்றன.

இதனைப் புலவர் ஏழைத் தலைவனுக்குச் செய்த சிறப்பு என்று மட்டும் கொள்வது வழக்கம். நானும் அவ்வாறே கொண்டிருந்தேன். குதிரையின் உடலமைப்பை ஒருவாறு கற்ற பின்னர், இதில் கொட்டிலறிந்த ஒருவரின் கண்ணும் இருக்கிறது என்று எண்ணத் தலைப்பட்டேன்.

குதிரை புல் தின்னும் விலங்கு. ஆயினும் மாட்டைப் போன்றதன்று. மாட்டின் இரைப்பை நான்கு அறையுடையது. உண்டதை மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து அசைபோடும். குதிரைக்கு ஓர் இரைப்பைதான். அதுவும் உடலின் பருமனுக்குச் சிறியது. 8 முதல் 15 லிட்டர்வரை கொள்ளும். உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் வாயில் மிக இறுக்கமானது. உள்ளே போனது மேலே திரும்பாது. ஆதலால் குதிரை வாந்தி எடுப்பதில்லை. புல்லின் நாரைச் செரிக்கும் வேலை பெருங்குடலில், அதன் தொடக்கத்திலுள்ள பெரியதொரு பையில், நுண்ணுயிர்களால் நடைபெறுகிறது. மேய்ச்சல் நிலத்தில் விட்டால் நாளில் 16 மணி நேரம்வரை சிறிது சிறிதாக மேய்ந்துகொண்டே இருக்கும். மெல்லும்போதுதான் அதற்கு உமிழ்நீர் சுரக்கும். அந்த உமிழ்நீரே இரைப்பையின் புளிப்பைத் தணிக்கும். 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 6 கிலோவுக்குக் குறையாத உலர்ந்த புல்லோ அதற்கு ஈடான பசும்புல்லோ வேண்டும். தண்ணீர் 25 லிட்டருக்கு மேல். வெயிற்காலத்தில் அதனினும் மிகுதி. வேர்வையோடு உப்பு வெளியேறுவதால் உப்பும் வேண்டும்.

இத்தகைய வயிற்றில் ஒரே வேளையில் வாளிக்கணக்கான சோறு விழுந்தால் என்னவாகும்? சிறுகுடலால் செரிக்க முடியாத மாவுப்பொருள் அப்படியே பெருங்குடலுக்குச் செல்லும். அங்கே அது புளித்துப் பொங்கும், வாயு பெருகும், நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடியும், அவற்றின் நஞ்சு இரத்தத்தில் கலக்கும். கொடிய வயிற்றுவலியால் உயிர் போகலாம். பிழைத்தாலும் குளம்பினுள் அழற்சி கண்டு, நிற்க இயலாமல் நொண்டிப் போகலாம். எங்கள் ஊர்த் திருமணத்தன்று நடந்தது இதுவே.

தமிழகத்தின் கரையில் இதுவே பல ஆயிரம் குதிரைகளுக்கு நடந்ததோ என்னும் ஐயம் பிறக்கிறது. 1290-களில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ எழுதிவைத்த செய்தி திகைப்பூட்டுவது. அரசன் ஆண்டுதோறும் 2,000-க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினான். அவன் உடன்பிறந்தாரும் அவ்வாறே வாங்கினர். ஆண்டு முடிவில் 100 கூட எஞ்சவில்லை என்கிறார். சோற்றோடு வேகவைத்த இறைச்சியைச் சேர்த்துக் குதிரைகளுக்கு ஊட்டினார்களாம். குதிரை வைத்தியம் அறிந்தவர் இங்கு இல்லை. அறிந்தவர் வாராதபடி வணிகரே பார்த்துக்கொண்டனர் என்றும் கூறுகிறார். இறந்தால்தானே மறுபடியும் விற்கலாம்! நல்ல பெட்டைக்கும் நல்ல ஆண் குதிரைக்கும் இங்கே பிறந்த குட்டி கோணற்காலோடு, ஏறத் தகாததாய் இருந்தது என்பதும் அவர் கூற்று.

ஏறக்குறைய அதே காலத்துச் செய்தியைப் பாரசீக வரலாற்றாசிரியர் வாசாப் இன்னும் விரிவாகத் தருகிறார். கிஷ் தீவின் தலைவர் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளைத் தம் சொந்தக் கொட்டிலிலிருந்து பாண்டியனுக்கு அனுப்ப உடன்பாடு செய்திருந்தார். அவருடைய தம்பி தகியுத்தீன் காயல் முதலிய துறைமுகங்களைப் பார்த்துக்கொண்டார். ஹோர்முஸ், பஹ்ரைன் முதலிய பிற இடங்களிலிருந்து வந்தவற்றையும் சேர்த்தால் ஆண்டுக்கு 10,000 குதிரைகள். ஒன்றின் விலை 220 செம்பொன் தினார். ஆக 22 லட்சம் தினார். வழியில் கடலில் இறந்த குதிரைக்கும் விலை உண்டு. இவ்வளவு பொருளும் கோயில் நிலங்களின் வருவாயிலிருந்தும் கோயில் சார்ந்த கணிகையர் செலுத்திய வரியிலிருந்தும் கொடுக்கப்பட்டது என்று அவர் எழுதுகிறார். பெரிய எண்களில் வரலாற்றாசிரியர்களுக்கு எப்போதும் ஒரு காதல் உண்டு. பாதியைத் தள்ளிவிட்டாலும் எஞ்சுவது பெருஞ்செல்வமே.

அவர் கூறும் தீனி முறைதான் நமக்கு வேண்டுவது. அரேபியாவில் பச்சை வாற்கோதுமை தின்று பழகிய குதிரைக்கு இங்கே வறுத்த வாற்கோதுமையும் நெய்யிட்ட தானியமும் தந்தார்கள். குடிக்கக் காய்ச்சிய பசும்பால் வைத்தார்கள். கொழுக்க வேண்டும் என்று நாற்பது நாள் முளையடித்துக் கொட்டிலில் கட்டிவைத்தார்கள். பின்னர்ப் பழக்காமலே ஏறி வெறிகொண்டவர்போல் ஓட்டினார்கள். சிறிது காலத்தில் வேகமும் வலிவும் உடைய குதிரைகள் சோம்பிப் பயனற்றுப் போயின.

நெய்யிட்ட தானியம்! பொன்முடியாரின் நெய்ம்மிதி ஆயிரம் ஆண்டுக்கு மேல் கடந்தும் கொட்டிலை விட்டுப் போகவில்லை என்று இதைப் படித்தபோது எண்ணிக்கொண்டேன்.

எனினும் அயல்நாட்டார் எழுதினார் என்பதற்காக நம்மவரை முழு மூடர் ஆக்கிவிடுதல் தகாது. தானியத்தை வறுப்பது தவறன்று; சூடுபட்ட மாவுப்பொருள் சிறுகுடலிலேயே எளிதில் செரிக்கும். நெய்யும் தன்னளவில் நஞ்சன்று. குதிரைக்குப் பித்தப்பை இல்லை. ஆயினும் பித்தநீர் இடைவிடாது சுரப்பதால் ஓரளவு கொழுப்பை அது நன்றாகவே செரிக்கும். இக்காலத்திலும் கடுமையாக உழைக்கும் குதிரைகளுக்கு எண்ணெய் கலந்து கொடுப்பதுண்டு. இறைச்சிகூடப் பாண்டியன் கண்டுபிடித்த புதுமையன்று. மைசூர்ச் சாமசாஸ்திரியார் 1909-இல் வெளியிட்ட கௌடிலியரின் அர்த்தசாத்திரத்தில் குதிரைத் தலைவனுக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. சிறந்த குதிரைக்கு இரண்டு துரோணம் நெல்லோ வாற்கோதுமையோ பயறோ, ஒரு பிரஸ்தம் எண்ணெயோ நெய்யோ, ஐந்து பலம் உப்பு, ஐம்பது பலம் இறைச்சி என்று அதில் அளவு வகுத்திருக்கிறது. இடைத்தரக் குதிரைக்கும் கடைத்தரத்துக்கும் அளவு அதனினும் குறைவு. நூல் கற்றவர் ஊட்டிய உணவையே பாண்டியனின் கொட்டிலும் ஊட்டியிருக்கிறது.

பால்தான் சற்றும் பொருந்தாதது. வளர்ந்த குதிரைக்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் பெரிதும் குன்றிவிடுகிறது, கழிச்சல் காணும்.

எல்லாவற்றினும் கொடியது, என் கருத்தில், அந்த நாற்பது நாளே. நடமாட்டமின்றிக் கட்டிவைத்துச் செழுந்தீனி ஊட்டினால், தசையில் சர்க்கரைப்பொருள் தேங்கும். பின்னர் ஒரே நாளில் கடுமையாக ஓட்டினால் தொடைத்தசைகள் இறுகிக் கட்டையாகிவிடும். குதிரை அடியெடுத்து வைக்க மாட்டாது. சிறுநீர் காப்பி நிறத்தில் இறங்கும். மேலைநாடுகளில் இதற்குத் 'திங்கட்கிழமை நோய்' என்றே பெயர். வண்டிக்குதிரைகள் ஞாயிறன்று முழுத்தீனியோடு ஓய்வெடுத்து, மறுநாள் பூட்டியவுடன் விழுந்ததனால் வந்த பெயர் அது. ஒரு நாள் ஓய்வுக்கே இந்நிலை என்றால் நாற்பது நாளுக்கு என் சொல்வது! அதனோடு நம் கரையோரப் புழுக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வறண்ட நாட்டிலிருந்து வந்த குதிரைகளிற் சில, வேர்க்கும் தன்மையையே இங்கு இழந்துவிடும். வேர்க்காத குதிரை ஓடினால் உடல் கொதித்து விழும்.

கோணற்காற் குட்டிகளுக்கும் காரணம் காணலாம். அரிசியிலும் தவிட்டிலும் சுண்ணாம்புச் சத்து குறைவு. எரியச் சத்து, அதாவது பாஸ்பரஸ், மிகுதி. இவ்விரண்டின் அளவு மாறினால் குதிரை தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை உருக்கிச் செலவிடும். தாயின் நிலை அவ்வாறானால் குட்டியின் கால் எவ்வாறு நேராக இருக்கும்?

குதிரை வைத்தியம் அறிந்தவர் இங்கு இல்லை என்ற மார்க்கோ போலோவின் சொல்லை நான் அப்படியே ஏற்பதற்கில்லை. சாலிகோத்திரர் பெயரால் வழங்கும் பரிமருத்துவம் இந்நாட்டில் தொன்மையானது. பாண்டவருள் நகுலன் விராடன் நகரில் குதிரை காத்த கதையை நீங்கள் அறிவீர்கள். அவன் பெயரால் வழங்கும் அசுவசாத்திர நூலைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் 1952-இல் பதிப்பித்திருக்கிறது. எங்கள் பகுதியிலேயே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடமாகிய திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் காலத்தில், 11-ஆம் நூற்றாண்டிலேயே, 15 படுக்கையுள்ள ஆதுலர்சாலை ஒன்று நடந்தது. மருத்துவர், அறுவை செய்பவர், மருந்து கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர் என எல்லோருக்கும் இன்ன ஊதியம் என்று கோயிற் கல்வெட்டு கூறுகிறது. அந்த மருத்துவரின் பெயர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். பிறந்தவுடன் குதிரைபோற் கனைத்த அசுவத்தாமனின் பெயரை உடையவர் மனிதருக்கு மருந்தளித்துக்கொண்டிருந்தார்! மருத்துவ அறிவு நாட்டில் இருந்தது. ஏட்டில் இருந்த அறிவு, கொட்டிலில் தீனி வைப்பவன் கைக்கு வந்து சேர்ந்ததா என்பதே கேள்வி. அங்கே நின்றவன் சாத்திரம் படித்தவன் அல்லன். குதிரையோடு பிறந்து வளர்ந்த அரபு நாட்டுச் சேவகனும் அல்லன்.

விசயநகரக் காலத்திலும் இந்தக் கதை தொடர்ந்தது. சாளுவ நரசிம்மன் ஆயிரம் பர்தாவுக்கு மூன்று குதிரை என்ற விலையில், உயிரோடாயினும் இறந்தாயினும், ஏற்றுக்கொண்டான் என்று போர்த்துக்கீசியர் நூனிசு எழுதுகிறார். கடலில் இறந்தால் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினாற் போதும், முழுப்பணமும் கிடைத்தது. எனினும் அக்காலத்திலேயே தீனியில் ஒரு நல்ல மாறுதலும் காணப்படுகிறது. 1520-ஐ ஒட்டி அங்கு வந்த பாயசு என்பார், இந்நாட்டில் வாற்கோதுமை இல்லாமையால் மனிதர் உண்ணும் பயறு வகையே குதிரைக்கும் உணவாகிறது என்று குறித்திருக்கிறார்.

அயல்நாட்டுக் குதிரை இந்நாட்டுப் பயற்றோடு பழகிய கதைதான் பின்னாளில் கொள்ளின் கதையாக முடிந்தது. காணம் என்றும் நாம் வழங்கும் கொள்ளு, மழை பொய்த்த புன்செய்யிலும் விளைவது. அதில் புரதம் 100-க்கு 22 பங்கு அளவில் உண்டு; அரிசியில் 7 அல்லது 8 பங்குதான். பச்சையாகத் தின்றால் புரதத்தைச் செரிக்கவொட்டாமல் தடுக்கும் பொருள் ஒன்று அதில் இருக்கிறது; வேகவைத்தால் அது அழியும். நம் குதிரைக்காரர்கள் வேதியியல் கற்றவர்கள் அல்லர். ஆயினும் கொள்ளை ஊறவைத்து, வேகவைத்து, மசித்து, ஆறவிட்டு, உப்பும் சிறிது தவிடும் கலந்து கொடுத்தார்கள். சென்னைக்கு வந்த ஆங்கிலேயர் இதனை அவர்களிடமிருந்தே கற்று, 'குதிரைப் பயறு' என்றே அதற்குத் தம் மொழியில் பெயரிட்டார்கள். கொள் என்றால் வாயைத் திறக்கிறது, கடிவாளம் என்றால் வாயை மூடுகிறது என்னும் பழமொழி இந்தக் கொட்டில்களில் பிறந்ததே.

கொள்ளு மட்டும் போதாது. கும்பினியார் குதிரைப்படையில் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு குதிரைக்காரனோடு ஒரு புல்லுக்காரனும் இருந்தான். பெரும்பாலும் அவன் குடும்பமே அந்த வேலையைச் செய்தது. நாள்தோறும் வெளியே சென்று அறுகம்புல்லை வேரோடு செதுக்கி, மண்போக அடித்து, கழுவிக் கட்டிக்கொண்டு வருவார்கள். மண் கலந்த புல்லைத் தின்றால் மணல் குடலில் படிந்து வலி காணும். கர்னல்களின் பெயர்களை வரலாறு எழுதி வைத்திருக்கிறது. அந்தப் புல்லைக் கழுவிய பெண்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை.

எங்கள் பகுதி இதனை நன்றாக அறிந்தது. 1780 சூலையில் ஐதர் அலி செங்கம் கணவாய் வழியாக இறங்கினார். அவருடைய குதிரைவீரர் ஊர்களைச் சூறையாடித் தானியத்தையும் தீவனத்தையும் வாரிக்கொண்டு, எஞ்சியவற்றைக் கொளுத்திச் சென்றனர். செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. காஞ்சிபுரத்தில் இருந்த மன்றோ, பெருந்துப்பாக்கிகளைக் கோயிற் குளத்தில் எறிந்துவிட்டுச் செங்கற்பட்டுக்குப் பின்வாங்கினார். அவரிடம் உணவும் இல்லை. அதனைத் தேடிக் கொணரப் போதிய குதிரைப்படையும் இல்லை. பறித்துக்கொள்ளப்பட்ட வைக்கோல் எங்கள் ஊர்களின் வைக்கோல். அந்த ஆண்டு கோடையில் ஏர் மாடுகள் எதனைத் தின்றன என்பதை எவரும் எழுதிவைக்கவில்லை.

1903-இல் சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றியது. ஏட்டையும் கொட்டிலையும் ஒருங்கே கற்பிக்கும் நிலையம் அவ்வாறு நமக்கு வாய்த்தது. அதற்குள் குதிரையின் காலம் மாறத் தொடங்கிவிட்டது. ரயிலும், பின்னர் மோட்டாரும், ஜட்காவையும் மெல்ல மெல்ல ஒதுக்கின.

எங்கள் ஜட்காப் பெரியவர் மறு ஆண்டு ஒரு மட்டக்குதிரையை வாங்கிப் பூட்டிக்கொண்டு மீண்டும் எங்கள் ஊர்ப்பக்கம் வந்தார். வண்டியின் அடியில் வலைச்சாக்கில் புல்லும், சிறிய மண்சட்டியில் வெந்த கொள்ளும் வைத்திருந்தார். எங்களுக்கும் ஆளுக்கொரு பிடி கொள்ளு கொடுத்தார். உப்பிட்டு நன்றாகவே இருந்தது. நான் ஓடிப்போய் வரப்பிலிருந்து அறுகம்புல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்து குதிரையின் அருகே தயங்கி நின்றேன். அவர் அதனை என் கையிலிருந்து வாங்கி, வேரிலிருந்த மண்ணைத் தம் முழங்காலில் தட்டி உதறினார். வாய்க்கால் நீரில் ஒருமுறை அலசினார். பிறகு பாதியை மட்டும் பிரித்து என்னிடமே திருப்பிக் கொடுத்து, "இப்பக் குடு" என்றார்.